மூடாமல் விடச் சொன்ன ஒரு முழம்

மண்டபத்துப் பழைய தரையின் மேல் பளபளப்புக் கல் பதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் யாரிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. வேலையை விட்டு ஓய்ந்தவன் வாயைத் திறந்தால், "தாத்தா ஆரம்பிச்சிட்டாரு" என்று பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்வார்கள். அதனால் சும்மா இருந்தேன்.

கல் பதிக்க வந்த சரவணன்தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. புக்கிட் ரம்பாய்ப் பையன், வேலையில் கெட்டிக்காரன். யாரிடமோ விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், அந்தத் தரைய நீங்கதான் போட்டீங்கன்னு சொன்னாங்க."

"நான் மட்டும் இல்லப்பா. ஒம்பது பேரு."

"வாசல்கிட்ட ஒரு பித்தளக் கோடு மட்டும் செவப்பா இருக்கு அங்கிள். மத்ததெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போவுது, அது மட்டும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கு. யாரு பண்ண தப்பு அது?"

"நான் பண்ணதுதான்" என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மறுநாள் மண்டபச் செயலாளரும் வந்தார். மறுதிறப்பு விழா மலருக்கு என் தொழில் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது தோட்டத்தில், நாலு வருஷம். அதற்குமேல் படித்ததெல்லாம் பேப்பரில் மடித்து வந்த கடலையோடு சேர்த்துப் படித்ததுதான். ஆனால் மனிதர்கள் பேசுவது என் காதில் தங்கிவிடும். யார் எந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன சொன்னார்கள் என்பது அப்படியே நிற்கும். தோட்டத்து லயன் வீட்டை விட்டு மலாக்காவுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. முதல் வருஷம் தண்ணீர் சுமந்தேன், இரண்டாம் வருஷம் சாக்கு நனைத்தேன், மூன்றாம் வருஷம் அரைக்கும் மெஷினைப் பிடிக்கக் கொடுத்தார்கள். முழங்கால் போனது, வேலை வந்தது. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மொசைக் தரை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது கல்லை வாங்கிவந்து ஒட்டுவதில்லை, தரையையே அங்கே வார்ப்பது. முதலில் சிமெண்டு மெத்தை போடுவோம். அதன்மேல் பித்தளைப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி நிறங்களுக்கு எல்லை கட்டுவோம். பிறகு வண்ண சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைப் பிசைந்து, அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, கனமான உருளையை ஏற்றி உருட்டுவோம். அப்போது பார்த்தால் எல்லாம் ஒரே சேறு. பித்தளையும் தெரியாது, நிறமும் தெரியாது, சில்லும் தெரியாது. ஐந்து நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்போம். ஆறாம் நாள் மெஷினைப் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்தால்தான் உள்ளே இருப்பது மேலே வரும். நாம் செய்த நல்லதும் வரும், கெட்டதும் வரும்.

எங்கள் மண்டோர் குருநாதன் பிள்ளை. கூலி ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரியை இங்கே மண்டோர் என்போம். அவர் மலாக்காச் செட்டி வம்சம், இதே காஜா பெராங்கில் பிறந்து வளர்ந்தவர். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வேறு, இவர்கள் வேறு. எந்தக் காலத்திலோ வந்து தங்கி, வீட்டில் மலாய் பேசி, கோவிலில் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள். மண்டோருக்குத் தமிழில் சாமி பெயர்களும் நாலைந்து உறவு முறைகளும்தான் தெரியும். எங்களோடு பேசுவது முழுக்க மலாய். அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கலவையைப் பார்க்க வந்தால் உள்ளங்கையால் தொடமாட்டார், புறங்கையை வைப்பார். உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்கு ஈரம் தெரியாது என்பார். பித்தளைப் பட்டையை நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். அடியில் காற்று இருந்தால் சத்தம் மாறும். யாராவது வேலை நடக்கும்போதே, "இது நல்லா வராது போலருக்கே" என்று இழுத்தால் ஒரே பதில்தான்: "சுடா கோசோக், பாரு சாக்காப்." தேய்த்து முடி, அப்புறம் பேசு. தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார் என்றால் கோபம் என்று அர்த்தம். அதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை.

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் இந்த மண்டபம் எழுந்தது. ஊரில் எதைப் பார்த்தாலும் புதிது. புதுக் கொடி, புதுத் தபால்தலை, பழைய கடைக்கும் புதுப் பலகை. கட்டடக் குழுவுக்குச் செட்டியார் ஒருவர் தலைவர். தரைக்குப் படம் வரைந்து கொடுக்க டிராயிங் மாஸ்டர் தேவசகாயம் கூலி வாங்காமல் ஒப்புக்கொண்டார். செட்டியாரின் மகன் அவரிடம் படித்தவன். மாஸ்டர் தாமரையோ மயிலோ போடுவார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

சிமெண்டு மூட்டைகளின் மேல் அவர் காகிதத்தை விரித்தார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். உள்ளே ஒரு பெரிய பச்சைப் பரப்பு, வெளியே சாம்பல். அங்கங்கே கறுப்பும் மஞ்சளும் சிந்தியதுபோல் திட்டுகள். அந்தப் பச்சையைச் சுற்றி ஒரே ஒரு பித்தளைக் கோடு. வாசலருகே புறப்பட்டு, மண்டபம் முழுவதும் நெளிந்து வளைந்து சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிடுகிறது.

"நம்ம நாட்டுப் படமா மாஸ்டர்?" என்று ஆரம்பித்தார் செட்டியார்.

"இல்லீங்க."

"ரொட்டிய பிச்சுப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றான் எங்களில் ஒருவன் மெதுவாக.

"பசியில பாக்காத. தண்ணி வத்தினப்புறம் கிளேபாங் கடக்கரச் சேத்துல நண்டு போவும் பாரு, அந்தத் தடம்" என்றான் இன்னொருவன்.

மாஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். "நல்லாப் பாத்திருக்க நீ" என்றார்.

"அப்ப நண்டுதானா?" செட்டியாருக்கு நிம்மதி.

"நண்டும் இல்லீங்க."

"மாஸ்டர், நாலு தாமரை, ரெண்டு அன்னம் போடுங்க. ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்."

"அதனாலதான் செட்டியாரே வேணாங்குறேன்."

"தொறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. இது என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"நடந்து பாக்கச் சொல்லுங்க."

செட்டியார் சிரித்துவிட்டார். அதோடு படம் நிச்சயமாயிற்று. மாஸ்டர் அன்று மண்டோரிடம் மலாயில் சொன்னது மட்டும் எனக்கு இப்போதும் கேட்கிறது. கிளேபாங்கில் அவர் வீட்டில் இந்த மாதிரிப் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றனவாம், ஒருவரும் கேட்டதில்லையாம். "சுவத்துல மாட்டினா என்னைக்காவது கழட்டிடுவாங்க மண்டோர். தரையில போட்டா யாரும் கழட்ட முடியாது பாருங்க." வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கஷ்டம் அந்த ஒரு முழத்தில் இருந்தது. மற்ற இடங்களில் பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே பித்தளை நிற்கும். ஒன்றை ஊற்றி, இறுகவிட்டு, மற்றதை ஊற்றலாம். இந்த ஒரு முழத்தில் தடுப்புக் கிடையாது. இரண்டு நிறமும் ஈரமாக ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று போகவேண்டும், ஆனால் கலங்கிச் சேறாகக் கூடாது. அப்படி ஒரு வேலையை மண்டோர் அதுவரை செய்ததில்லை. செய்ததில்லை என்று மாஸ்டரிடம் சொல்லவும் இல்லை. தன் வீட்டுப் பின்கட்டில் மரத் தட்டுகளை வைத்துக்கொண்டு வார்த்துப் பார்த்தார். தட்டு காய்ந்ததும் நான் கையால் அரைத்துக் காட்டுவேன். முதல் தட்டில் பச்சை சாம்பலை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் நடுவே வெடிப்பு. மூன்றாவதும் நாலாவதும் கூழ். ஐந்தாவது பரவாயில்லை என்று நான் சொன்னேன். அவர் அதைச் சுவரில் சாய்த்து, எட்டி நின்று பார்த்து, உடைத்துப் போட்டார். ஆறாவதில் தண்ணீரைக் குறைத்து, பச்சையில் பெரிய சில்லும் சாம்பலில் பொடிச் சில்லும் போட்டு, இரண்டு கரண்டியையும் எதிரெதிரே இழுத்தார். அரைத்துப் பார்த்தபோது பச்சை சின்னச் சின்ன விரல்களாக நீண்டு சாம்பலுக்குள் போயிருந்தது. மண்டோர் கரண்டிகளைக் கழுவி வைத்தார். எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மண்டோர் வீட்டுக்குப் பின் சடக்கில், அதாவது பின் தெருவில், ஓர் அறையில் குடியிருந்தோம். என் மனைவி பாக்கியத்துக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. பாக்கியம் தினமும் காலையில் அந்த அறை வாசலில் கம்பிக் கோலம் போடுவாள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே கோடு, ஆரம்பித்த இடத்தில் வந்து சேர்ந்தால்தான் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைப்பாள். நம் பெண்கள் யாரும் கோட்டை வாய் திறந்தபடி விடமாட்டார்கள்.

அவளுக்கு வேலையிடத்துச் சங்கதி எல்லாம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது எனக்கு. தரைக் கோட்டையும் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டிலேயே விரலால் போட்டுக் காட்டினேன்.

"ஒரு முழம் மூடலியா?" என்றாள்.

"மூடல."

"அப்படியே விட்டுருவாங்களா?"

"அப்படியேதான்."

அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கட்டடம், என் கையால் போடுகிற தரை, மூடாத கோடு, ஏழாம் மாதம். அவள் பயப்படுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வாசலருகே ஊற்றிய நாள் ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு முழத்தை மண்டோரே ஊற்றினார். இரண்டு கரண்டியையும் எதிரெதிரே இழுத்தார், உருளையை அவரே உருட்டினார். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாரோடும் பகல் சாப்பாட்டுக்குப் போனார். சாக்கு நனைக்க நான் பின்தங்கினேன். பண்டார் ஹிலிரில் முந்தின வேலையில் மிஞ்சிய ஒரு துண்டுப் பட்டை என் பையில் இருந்தது. செம்பு அதிகம், கொஞ்சம் சிவப்பு ஓடும். அதை ஒரு முழத்துக்கு வெட்டினேன். கரண்டி விளிம்பால் ஈரத்தைக் கீறி, பட்டையைச் செங்குத்தாக இறக்கி, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினேன். வளைக்க நேரமில்லை. மேலே சிமெண்டுக் கூழைத் தடவிச் சாக்கைப் போட்டு மூடினேன். யாராவது திரும்பி வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு திருப்தி இருந்ததே, அதை மறைக்கமாட்டேன். என் பிள்ளைக்காக ஒரு கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது.

ஐந்து நாள் அந்தச் சாக்கு மேல் தண்ணீர் ஊற்றினேன். திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள், எட்டு நாள் என்று குறைந்துகொண்டு வந்தது. பாக்கியத்திடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொன்னால் கெட்டுவிடும் என்று நினைத்தேனோ, கெட்ட காரியம் என்று எனக்கே தெரிந்திருந்ததோ.

ஆறாம் நாள் வாசலருகே அரைக்க மண்டோரே மெஷினைப் பிடித்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். சேறு ஓட ஓடப் பச்சை வந்தது, சாம்பல் வந்தது, விரல் விரலாக ஒன்றுக்குள் ஒன்று போனது வந்தது. ஆறாவது தட்டைவிட அழகு. அதன் நடுவில் ஒரு சிவப்புக் கோடும் வந்தது.

மெஷின் நின்றது. மண்டோர் குனிந்து துணியால் துடைத்தார். நகத்தால் சுண்டினார். அடியில் காற்று. பண்டார் ஹிலிர்ப் பித்தளை அது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சியாப்பா பூஞ்ஞா கெர்ஜா?" என்றார். யாருடைய வேலை இது?

"சாயா" என்றேன். நான்தான்.

தலைத் துண்டை அவிழ்த்தார். உதறினார். கட்டினார். "ஆறு தட்டு வார்த்தேன்" என்றார் மலாயில். "இந்த ஒரு முழத்துக்காக." அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு சைக்கிளைக் காட்டினார். "மாஸ்டரிடம் போய் நீயே சொல். நான் சொல்லமாட்டேன்."

கிளேபாங் வரை மிதித்தேன். மாஸ்டர் வீட்டில் அவர் சொன்னதுபோலவே படங்கள் சுவரைப் பார்த்து நின்றன. ஒன்றைக்கூட எனக்குத் திருப்பிக் காட்டவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஏன்?"

"கோடு மூடாம இருந்துச்சுங்க மாஸ்டர்."

"அது எனக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டுல பயந்தாங்க. மாசமா இருக்காங்க."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "அர்த்தம் கேக்குறவங்கள நான் பொறுத்துக்கிட்டேன் ராமு" என்றார். "கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீ கேக்கவே இல்லியே. நீயா ஒன்ன எழுதி, என் படத்துல ஒட்டிட்டியேப்பா."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. சைக்கிளில் பின்னால் உட்காரச் சொன்னேன். மண்டபத்தில் இறங்கியதும் நேரே போய்க் கால்சட்டை நனைய முட்டிபோட்டு அந்த இடத்தைப் பார்த்தார். விரலால் பச்சை போன வழியைத் தொட்டுக்கொண்டே போனார், சிவப்புக் கோட்டில் நிறுத்தினார்.

"எடுக்க முடியுமா மண்டோர்?"

முடியும் என்றார் மண்டோர். உளியால் வெட்டி எடுக்கலாம். ஆனால் சுற்றியுள்ள சில்லு பெயரும். புதிதாக ஊற்றினால் நிறம் சேராது, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி எப்போதும் தெரியும். இந்தக் கலப்பு மறுபடி இதே மாதிரி வராது. மூன்று நாளில் விழா.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. "ஒன் சம்சாரத்தக் கூட்டிட்டு வா" என்றார்.

பாக்கியம் வந்தாள். ஒரு கையில் வயிற்றையும் ஒரு கையில் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில் கூச்சத்தோடு நின்றாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது யாரு வெச்சது?"

"நான்தான். நீதான பயந்த?"

"நான் எப்ப பயந்தேன்?"

"மூடலியான்னு கேட்டியே?"

"கேட்டேன். மூடுங்கன்னா சொன்னேன்?" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, "வெச்சதுதான் வெச்சீங்க, வளைச்சாவது வெச்சிருக்கக் கூடாது? வெறகு மாதிரி கெடக்கு" என்றாள்.

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. தரையில் இருந்தபடியே கேட்டார்: "அப்ப ஏம்மா மூடலியான்னு கேட்டீங்க?"

பாக்கியம் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"நாங்க மூடித்தான் போடுவோம். வேண்டாதது உள்ள வந்துரக் கூடாதுன்னு. ஆனா போனது திரும்பி வரணும்னாலும் அதே வழிதானேங்க? எனக்கு ஒண்ணு போயிருக்கு. அதான், மூடாம கூட விடுவாங்களான்னு கேட்டேன்."

மண்டோருக்கு அவள் தமிழ் புரிந்திருக்காது. ஆனாலும் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டார். "எடுத்தா காயம் தெரியும். இருந்தா கோடு தெரியும். கோடே இருக்கட்டும்" என்றார். வாசலைத் தாண்டும்போது பாக்கியத்தைப் பார்த்து, "பச்ச அதுக்கு முன்னயே வெளிய போயிருச்சும்மா. கீழ பாருங்க" என்றார். ஆமாம். நான் பட்டையை இறக்குவதற்கு முன்பே இரண்டும் கலந்திருந்தன. பித்தளைக்கு இந்தப் பக்கமும் பச்சை, அந்தப் பக்கமும் பச்சை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் உறுத்தல் இருந்திருக்காது.

விழா நாளில் அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைப் பார்த்து நின்றார். இது என்ன என்று செட்டியாரிடம் மலாயில் கேட்டார். செட்டியார் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என்னைக் கையால் காட்டி, "இவரக் கேளுங்க. இவரும் போட்டதுதான்" என்றார். கேலியில்லை. பழியும் இல்லை. அவர் எனக்கு ஓர் இடம் கொடுத்தார் என்பது இப்போது புரிகிறது. பாக்கியம் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் மாஸ்டர் செட்டியாரிடம் சொன்னதையே சொல்லியிருக்கலாம், நடந்து பாருங்கள் என்று. அத்தனை வெள்ளைச் சட்டைகளுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"லந்தாய், துவான்" என்றேன். தரைங்க ஐயா.

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு உள்ளே போனார். மாஸ்டர் புன்னகை மாதிரி ஒன்று செய்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கூட்டம் நாற்காலியில் உட்காரும்போது அவர் அங்கே இல்லை. அடுத்த வருஷம் வடக்கே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் ஒருமுறை முகவரி வாங்கினேன். கடிதம் எழுதவில்லை. என்ன எழுதுவது? அவர் போய்ச் சேர்ந்த செய்திதான் பிறகு வந்தது.

எங்களுக்குப் பெண் பிறந்தது. நல்லபடியாக இருக்கிறாள், சிரம்பானில். மண்டோரிடம் இன்னும் பதினொரு வருஷம் வேலை செய்தேன். அந்தத் தரையைப் பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் புது ஆட்களுக்குப் பட்டை வளைக்கக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும், "வேண்டுமானால் ராமுவைக் கேள், அவனுக்கு நேராக வைக்கத் தெரியும்" என்பார். அந்தக் குத்தலுக்காகவே அவரோடு இன்னும் பதினொரு வருஷம் இருந்திருப்பேன்.

பாக்கியம் மண்டபத்துக்கு எத்தனையோ கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வந்தாள். வாசலில் நுழையும்போது அந்தச் சிவப்புப் பட்டையை மிதிக்கமாட்டாள். காலைத் தூக்கித் தாண்டி வைப்பாள், ஏதோ வாசல்படி இருக்கிற மாதிரி. "ஏன் தாண்டுற?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க மூடிட்டீங்க. நான் தாண்டித்தான போவணும்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. பந்திக்கு நடுவே, கூட்டத்துக்கு நடுவே, அந்த இடத்தில் ஒரு கால் கொஞ்சம் உயர்ந்து இறங்குவதை இன்னும் பார்க்கிறேன். யாராவது என்னிடம் இன்னொரு தடவை, இது என்ன என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

சரவணன் கேட்டான். போன வாரம் மண்டபத்தில் பசை கலக்கிக்கொண்டிருந்தவன், "அங்கிள், உண்மையிலயே இது என்ன படம்?" என்றான். நான் அவனை வாசலில் நிறுத்தி, கோட்டோடு நடக்கவிட்டேன். சுற்றி வந்து அந்த ஒரு முழத்தில் நின்றான். பிறகு இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் குனிந்து அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தான்.

"அந்தப் பித்தளைய வேணா எடுத்துரவா அங்கிள்? மேலதான் கல்லு வரப்போவுதே, காயம் யாருக்கும் தெரியாது."

ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. வேண்டாம் என்றேன். மாஸ்டர் இருக்கட்டும் என்று சொன்னதை எடுக்க நான் யார்?

"வேற ஒண்ணு செய்றியா? அது மேல வர்ற கல்லுக்கு மட்டும் பசை போடாத. அந்த ஒரு முழமாவது மூடாம இருக்கட்டும்."

"சும்மா வெக்கிறதா? நடந்தா சத்தம் வரும் அங்கிள். தட்டிப் பாக்குறவங்க வேலை சரியில்லன்னு என்னத்தான் சொல்லுவாங்க."

"நான் எழுதிக் கொடுத்துர்றேன்" என்றேன்.

அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மறுதிறப்புக்கு வருகிறவர்கள் வாசலில் நுழைந்து இரண்டடி வைத்தால் இடதுபுறம் ஒரு கல் காலுக்கடியில் டொக்கென்று சத்தம் போடும். சரவணன் வேலையில் குறை இல்லை. அது ஒட்டாமல் விட்ட கல். தயவுசெய்து யாரும் அதை ஒட்டிவிடாதீர்கள்.